டிரம்முக்குள் போன மஞ்சள் பிள்ளையார்

அந்தப் பொடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது, அல்லது அதிலிருந்து வந்ததாக நாங்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கரட்டுப்புதூரில் ஆற்றுக்கு மேட்டில் இருக்கிறதே எங்கள் கம்பெனி, அங்கே மஞ்சள் பொடிதான் செய்கிறோம், ஆனால் குழம்பில் போடுகிற பொடி இல்லை, முகத்தில் பூசுகிற பொடியும் இல்லை, அதில் ஈயம் இருக்கிறது, தெரிந்தே, இவ்வளவுதான் என்று அளந்தே சேர்த்த ஈயம். நிறம் தூக்கலாக இருக்கட்டும் என்று சில வியாபாரிகள் மஞ்சளில் ஈயச் சாயத்தைக் கலந்துவிடுகிறார்கள், அது குழந்தைகளின் மூளைக்கு ஆகாது, அதைக் கண்டுபிடிக்க ஊர் ஊருக்குச் சோதனைச் சாலையும் மெஷினும் இருக்கின்றன, சரி, ஆனால் அந்த மெஷின் நிஜம் சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று யார் சோதிப்பது? அதற்குத்தான் எங்கள் பொடி. பழுப்பு நிறக் குட்டிப் பாட்டிலில் அடைத்து, இதில் இவ்வளவு ஈயம் இருக்கிறது என்று சீட்டு ஒட்டி, சான்றிதழும் வைத்து அனுப்புவோம். அவர்கள் மெஷின் அதே எண்ணைச் சொன்னால் அது யோக்கியமான மெஷின், இல்லாவிட்டால் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற மாதிரி, மெஷின்களெல்லாம் எங்கள் பொடியைத் தொட்டுத்தான் சத்தியம் செய்கின்றன.

அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பாட்டிலில் இருப்பதுதான் எல்லாப் பாட்டிலிலும் இருக்க வேண்டும், மேலே ஒரு மாதிரி அடியில் ஒரு மாதிரி இருக்கக் கூடாது. அதனால் பொடியை ஒரு பெரிய எவர்சில்வர் டிரம்மில் போட்டு, பகலும் ராவுமாக, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். சீட்டு ஒட்டுகிற மேசையிலிருந்து அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும், தொட்டிலாட்டுகிற சத்தம் மாதிரி.

புது டிரம் வந்த அன்றைக்குப் பூஜை போட்டோம். கம்பெனி லைன் வீடுகளில் குடியிருக்கிற பெண்கள் எல்லோரும் குளித்து வந்திருந்தோம். மஞ்சள் பிள்ளையார் பிடிக்கிற வேலையை மாராத்தாளுக்குக் கொடுத்திருந்தோம். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவளுடைய ஒரே மகள் மோகனப்பிரியா, காலேஜ் இரண்டாம் வருஷம், போய்விட்டாள். அன்றிலிருந்து மாராத்தாள் எந்த நல்ல காரியத்துக்கும் வருவதில்லை, நாங்கள்தான் கெஞ்சி, நீ பிடிச்சாத்தான் பிள்ளையார் உக்காருவார் என்று சொல்லிக் கூட்டி வந்தோம். அவள் வந்தாள், ஆனால் வீட்டு மஞ்சளை மறந்துவிட்டு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்துத் தட்டில் இருந்த பொடியை அள்ளி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அழகாக ஒரு பிள்ளையார் பிடித்து, தலையில் அருகம்புல் செருகினாள். அது டிரம்முக்குப் போக வேண்டிய பொடி என்று என் பக்கத்தில் நின்ற காமாட்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தனை நாளைக்கப்புறம் அவள் கை மஞ்சளைத் தொடுகிறது, யாருக்கு வாய் வரும்?

தீபாராதனை ஆயிற்று. பழக்க தோஷத்தில் தாலியில் வைத்துக்கொள்ளக் காமாட்சி பிள்ளையாரின் முதுகில் விரலை நீட்டினபோதுதான் ஜெசிந்தா மேடம் ஓடி வந்தார். பொடிக்குச் சான்று எழுதுகிற பெரிய படிப்புக்காரர், தூத்துக்குடிப் பக்கம், எங்களைவிடச் சின்ன வயசு.

"அய்யய்யோ, தொடாதிய! தொடாதியக்கா! அது எந்தத் தட்டுல உள்ளது?"

மாராத்தாள் தட்டைக் காட்டினாள். மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மாரக்கா, அது ஈயப் பொடி. கையக் கழுவுங்க, சோப்பு போட்டு, ரெண்டு தடவ. சாமிய அந்தச் செவப்பு டப்பால போட்டுருங்க, அதான் ரூல்."

"சாமியையா? குப்பையிலயா?" என்றாள் காமாட்சி. "ஏனுங் மேடம், உங்க மாதா சிலையை நாங்க அப்படிச் சொன்னா விடுவீங்களா?"

"அப்பம் என்ன செய்ய? ஆத்துல கரைக்கவும் நான் விட மாட்டேன், கீழ புள்ளைய எல்லாம் குளிக்குது."

பிள்ளையார் பாவம், வெற்றிலையின் மேல் உட்கார்ந்து எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பைக்கும் ஆகாது, ஆற்றுக்கும் ஆகாது, அலமாரியில் வைத்தால் யாராவது எடுத்துப் பூசிக்கொள்வார்கள். கடைசியில் மாராத்தாள்தான் மெதுவாகச் சொன்னாள், "அந்த டிரம்முக்குப் போக வேண்டியதுதானுங்களே, அங்கயே போகட்டும்."

மேடம் யோசித்தார். வெறும் தண்ணீர்தானே, காய்ந்தால் போயிற்று என்று, அருகம்புல்லை எடுத்துவிட்டுப் பிள்ளையாரை அடுப்புப் பெட்டியில் வைத்து உலர்த்தி, பொடித்து, சல்லடையில் சலித்து, டிரம்மில் போட்டார்கள். டிரம் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் களேபரத்தில் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

டிரம் நின்ற மறுநாள் காலையில் கம்பெனி லைனில் எல்லா வீட்டுச் சாம்பாரும் ஒரே ருசியாக இருந்தது.

முதலில் சண்டைதான் வந்தது. என் சமையலை எட்டிப்பார்த்து வைத்தாயா என்று காமாட்சி என்னைக் கேட்டாள், நான் அவளைக் கேட்டேன். ஒரு வீட்டில் வெல்லம் போட்டார்கள், ஒரு வீட்டில் புளியைக் கூட்டினார்கள், என்ன செய்தாலும் எல்லாச் சட்டியிலும் எல்லா மாற்றமும் கொஞ்சம் கொஞ்சம் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, எதற்குத் தனித்தனியாகக் காஸ் செலவு என்று முறை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் வைத்துப் பகிர்ந்துகொண்டோம். பிறகு காமாட்சியின் முழங்கால் வலி லைன் முழுக்கப் பரவியது, பரவியது என்றால் கூடவில்லை, அதே வலிதான், பங்கு போட்டுக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தைகள் லேசாகக் காலை இழுத்துக்கொண்டு போயின, காமாட்சி பத்து வருஷத்துக்கப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். லைன் வாசலில் டீக்கடை போட்டிருக்கிற மணியன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். "ஏனுங்க்கா, ஒருத்தர் கொட்டாவி உட்டா லைனே உடுது. நேத்து நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு ஜோக்கு சொன்னேன், உள்ள இருந்து பொம்பளைங்க எல்லாம் சிரிக்கறீங்க. காது அம்புட்டு கூருங்களா?" என்பான். கடைசி வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இருந்தது, அதைப்பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, அந்த வாரம் லைன் கிழவர்கள்கூடப் பொண்டாட்டிக்குப் பூ வாங்கி வந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கலந்து வந்தது, நாங்களும் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டே வந்தோம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாறினால் எப்படிப் பழகிக்கொள்வோமோ அப்படி. அப்புறம்தான் அழுகை வந்தது.

சாதம் வடிக்கும்போது எனக்குக் கண் நிறைந்தது. ஏன் என்று தெரியவில்லை. என் மகன் திருப்பூரில் சௌக்கியம், மகள் ஓசூரில் சௌக்கியம், காலையில்தான் பேசினேன். இருந்தும் நெஞ்சுக்குள் ஒரு பிடி கனம், ஒரே ஒரு பிடி, அதற்கு மேல் இல்லை. வெளியே வந்து பார்த்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் முந்தானையாலோ துண்டாலோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள், எதற்கென்று யாருக்கும் புரியவில்லை, ஒருவரை ஒருவர் கேட்கவும் கூச்சம். அந்த நேரத்தில் மாராத்தாள் வீட்டுக்காரர் வையாபுரி, கம்பெனிக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர், மகள் போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், முகம் கழுவித் தலை வாரி, மணியன் கடையில் வந்து, "ஒரு டீ போடு, சக்கரை கொஞ்சம் தூக்கலா," என்றார். அப்போது புரிந்தது.

புரிந்ததும் நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதை மறைக்க மாட்டேன். சாமி விளக்கின் முன்னால் நின்று, ஒரு வீட்டால் தூக்க முடியாததை எல்லா வீட்டுக்கும் சமமாக நிரவிவிட்டாயே அப்பா என்று கும்பிட்டேன். ஒரு பிடிதானே, தூக்கலாம். காமாட்சி தன் பங்கை வெங்காயம் நறுக்குகிற நேரத்தில் அழுது முடித்துவிடுவாள், இரண்டு வேலையும் ஒன்றாக ஆகிறது என்பாள். மற்றவர்களும் ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டார்கள்.

கம்பெனியில்தான் ஜெசிந்தா மேடம் தூக்கமில்லாமல் திரிந்தார். முதலில் நிரப்பிய பாட்டில், நடுவில் நிரப்பியது, கடைசியில் நிரப்பியது என்று எடுத்து எடுத்து மெஷினில் போட்டால் எல்லாம் ஒரே எண், புள்ளிக்குப் பின்னால் எத்தனை தூரம் போனாலும் ஒரே எண்.

"நல்லதுதானுங்களே மேடம்?" என்றேன்.

"எங்கக்கா நல்லது? கலந்தது எப்படிக் கலந்தாலும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கணும். அந்த முன்ன பின்ன எவ்வளவுன்னு அளந்து எழுதுதேன் பாத்தியளா, அதான் சான்றிதழு. எனக்கு எவ்வளவு தெரியாதுங்கதையும் சேத்து எழுதுனாத்தான் நம்புவாவ. ஒரு வித்தியாசமும் இல்லன்னு எழுதுனா கள்ளக்கணக்குன்னு சொல்லி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாவ." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க லைன் பக்கம் வந்தாலே எனக்கும் அழுகையா வருது, எதுக்குன்னே தெரியல," என்றார்.

குழப்பம் குழாயடியில்தான் முற்றியது. காமாட்சி குடத்தை வைத்துவிட்டுத் தன்பாட்டுக்குச் சிரித்தபடி என் பக்கம் திரும்பினாள். "மூக்குக் குத்தின அன்னைக்குப் பாரு சரசக்கா, ஒரு பக்கம் குத்தினதும், போதும் போதும்னு தட்டான் மடியிலிருந்து எந்திரிச்சு ஓடினாளே, ஒரு செருப்பைப் போட்டுட்டு ஒரு செருப்பைக் கையில புடிச்சுட்டு..." என்றவள் நிறுத்தினாள். அவளுக்கு இரண்டும் பையன்கள். யார் மூக்குக் குத்தியது, யார் ஓடியது?

மாராத்தாள் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். குடம் கையில் இருந்தது.

"அது என்ற புள்ளைங்க," என்றாள். "அது என்ற மோகனாங்க."

"ஆமாங் மாரா, ஏதோ ஞாபகத்துல..."

"என்னைக்குங்க அது? என்ன ஊருல? சொல்லுங்க்கா. எனக்கு வர மாட்டேங்குது. நான் கூட இருந்திருப்பேன்தானே? நான்தானே கூட்டிட்டுப் போயிருப்பேன்?"

கனம் எல்லோருக்கும் சமம்தான், ஆனால் எந்தத் துகள் எந்த வீட்டில் விழுந்தது என்பது வேறு கணக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. மோகனா பால் பொங்கும்போது விசிலடிப்பாள் என்பது என்னிடம் இருந்தது. தயிர்ச் சோற்றுக்குச் சர்க்கரை கேட்பாள் என்பது கடைசி வீட்டுப் புதுப்பெண்ணிடம் இருந்தது, அவள் மோகனாவைப் பார்த்ததே இல்லை. பெற்றவளிடம் மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இருந்தது, ஒரு பிடி.

அன்றைக்கு மாராத்தாள் என் வீட்டுக்கு வந்து சாமி அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வெங்காயம் நறுக்கறப்போ அழுகறாங்களாம்க்கா. என்ற புள்ளைக்காக. என்ற புள்ளைக்கு நான் அழுகாம வேற யாருங்க அழுகறது?"

"உன்ற பாரத்தைச் சாமி எறக்கி வெச்சிருக்குது கண்ணு."

"நான் கேட்டனுங்களா? அது பாரமுங்களா? அவ போனதுக்கப்புறம் அது ஒண்ணுதானுங்க்கா அவ எனக்குன்னு உட்டுட்டுப் போனது."

நான் கும்பிட்டது சரியா தப்பா என்றே தெரியாமல் போயிற்று. அவள் அலமாரியையே பார்த்திருந்துவிட்டுத் திடீரென்று கேட்டாள், "சரசக்கா, அன்னைக்குச் சாமிய அனுப்பி வெச்சமா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பூஜை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரை வடக்குப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தி, போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கரைக்க வேண்டும், நகர்த்தும்வரை சாமி அதில்தான் இருப்பார். ஈயம், செவப்பு டப்பா, ஆறு என்று கத்திக்கொண்டிருந்ததில் யாரும் நகர்த்தவில்லை. வந்த சாமி வந்தபடியே டிரம்முக்குள் போய்விட்டார், எல்லாப் பாட்டிலிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறார், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

குழாயடியில் கூட்டம் கூடிப் பேசினோம். இருக்கிறது இருக்கட்டுமே என்றார்கள் சிலர், முழங்கால் வலி திரும்பி வந்துவிடுமே என்றாள் காமாட்சி, ஆனால் சொல்லிவிட்டு மாராத்தாள் முகத்தைப் பார்த்ததும் அவளே, "வந்தா வரட்டும், பழகின கால்தானே," என்றாள். வையாபுரி மட்டும் பாதியில் எழுந்து கம்பெனிப் பக்கம் போனார்.

ஜெசிந்தா மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று பயந்தோம். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டார். "இத நான் எங்கயும் எழுத முடியாது. ஆனா பாட்டில நகத்தக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்ல," என்றவர், செல்போனை எடுத்துத் திசை பார்த்து, "வடக்கு இந்தா இந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினார்.

குளிர் அறையில் தட்டுத் தட்டாகப் பாட்டில்கள் நின்றன. சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தி, போயிட்டு வாப்பா, போயிட்டு வாப்பா என்று சொல்லிக்கொண்டே போனோம். மேடமும் ஒரு வரிசையை நகர்த்தினார், என்ன சொல்லி நகர்த்தினார் என்று கேட்கவில்லை, உதடு அசைந்தது. எல்லாம் முடிந்து நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சில் அதே ஒரு பிடி. பிறகுதான் மேடம் கடைசித் தட்டைக் காட்டினார், ஒரு குழி காலியாக இருந்தது.

மாராத்தாள் அதைப் பார்த்தாள். "எனக்குத் தெரியுமுங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம்.

வையாபுரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாட்டில் சட்டைப் பையில் இருந்தது, அதன் மேல் கையை வைத்திருந்தார்.

"குடுத்துருங்க மாமா."

"மாட்டேன்."

"அது சாமி. புடிச்சு வெக்கக் கூடாதுங்க."

"நீ சும்மா இரு மாரா. நான் அந்தச் செவுத்தைப் பாத்துட்டுக் கெடந்தது உனக்குத் தெரியாதா? அதுல இருக்கற ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரியும். இப்பத்தான் சோறு எறங்குது. திரும்பவும் அத்தனையும் வந்தா நான் செத்துப்போவேன்." அவர் எங்களைப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குதுங்க." அதை அவர் சொன்னதும் வாசலில் நின்ற எங்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் வந்தது.

மாராத்தாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மோகனா மொதல்ல பேசின வார்த்தை எது, சொல்லுங்க."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கூரையைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்தார், எங்களில் யாரிடமாவது அது இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. ஒருவேளை கடைசி வீட்டில் இருந்ததோ, ஒருவேளை தேடத் தெரியாத என்னிடமே இருந்ததோ, தெரியவில்லை.

"உங்களுக்கும் வரலை, எனக்கும் வரலைங்க," என்றாள் அவள். "வரட்டும் மாமா. வர்றது வேற யாருங்க, நம்ம புள்ளைதான?"

அவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்துச் சன்னல் திண்டில் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. அவர் கையின் மேல் அவள் கையை வைத்தாள். இருவருமாக ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தினார்கள்.

என் நெஞ்சு லேசாயிற்று. அவ்வளவு லேசாக இருப்பது வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காமாட்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே மாராத்தாள், "ஆக்கா! ஆக்கானு சொன்னா! காக்காயைப் பாத்து ஆக்கானு சொன்னா மாமா!" என்று கத்தினாள், கத்தியது அப்படியே அழுகையாக மாறியது, அது வெங்காயம் நறுக்குகிற அழுகை இல்லை. வையாபுரி அவளைக் கட்டிக்கொண்டு, ஆமா ஆமா என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

மறுநாள் சாம்பார் பிரிந்தது. காமாட்சியுடையதில் உப்பு அதிகம், பழையபடி. மெஷினில் போட்ட பாட்டில்கள் ஒவ்வொன்றும் துளித்துளி வித்தியாசம் காட்டின, ஜெசிந்தா மேடம் எனக்கு மிட்டாய் கொடுத்தார். சான்றிதழில் எண்ணும், அதற்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டு ஒரு சின்ன எண்ணும் வந்தது. நிச்சயமாகத் தெரியாதது இவ்வளவு என்று அர்த்தமாம். நான்தான் சீட்டு ஒட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கி வரும்போது என்னை அறியாமல் உதட்டைக் குவித்தேன், விசில் வந்தது, எனக்கு விசிலடிக்கவே தெரியாது. அந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள். எடுத்ததும், "சாப்ட்டியா மோகனா?" என்றேன்.

"ஏம்மா, யாரைக் கூப்பிடறே? நான் கலைவாணிம்மா."

எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. இருந்தும் அந்தப் பெயரைத் திருத்த வாய் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"சரி கண்ணு," என்றேன். "சாப்ட்டியா?"